தரையில் கால் வைக்காத பதினோரு நாள்

மழைக்காலத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது, ரேடியோக்காரர் வீட்டு டவரில் இறங்கிய மின்னல் மண்ணுக்குள் போகவில்லை, வீட்டிலேயே தங்கிவிட்டது. தெருக்கோடி ரொட்டிக்கடையில் அன்றைய இரண்டாவது அடுப்பு ரொட்டி வெளியே வந்த நேரம் அது என்பதால், நேரத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. வந்த மின்னல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் நாலு ஓடு உடைந்திருக்கும், இரண்டு பல்பு போயிருக்கும், தெருவில் ஒரு வாரம் பேசிவிட்டு மறந்திருப்பார்கள். இது போகவில்லை. ரேடியோக்காரரின் எட்டு வயது மகளுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெண்ணை வீட்டிலும் தெருவிலும் பொடிசு என்றே கூப்பிடுவார்கள்.

அது ஏறியதைக் கண்ணால் பார்த்தவள் பொடிசின் அம்மா. முன்னறையில் மிஷின் போட்டுத் தைக்கிற தையல்காரி அவள். யாரோ ஒருவருடைய சட்டைக் காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ரேடியோக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடி உள்ளே போயிருந்தார். அப்பாவுக்கு டீ கொண்டுவந்த பொடிசு, டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, கரகரவென்று கத்திக்கொண்டிருந்த ரேடியோப் பெட்டியின் சத்தத்தைக் குறைக்க ஒரு கையை நீட்டினாள். டேபிள் ஃபேன் டீயின் மேல் வீசியதால் அதைத் திருப்ப இன்னொரு கையை நீட்டினாள். ஒரு கை ரேடியோவில், ஒரு கை ஃபேனில். அந்த நொடியில் தையல்காரி பார்த்தாள்: வெள்ளை நூல் மாதிரி ஒன்று, ரேடியோவிலிருந்து குழந்தையின் விரலுக்குள் நுழைந்து, மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கையின் முழங்கை வரைக்கும் போயிற்று. அங்கே நின்றது. யோசித்தது. திரும்பி நெஞ்சுக்கே வந்து சுருண்டுகொண்டது. ஊசிக் காதில் நூல் கோத்துப் பழகிய கண் அவளுடையது. தப்பாகப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

“அம்மா, உள்ள கூசுது” என்றாள் பொடிசு. அவ்வளவுதான் சொன்னாள். தையல்காரி மிஷினைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். அவள் கை குழந்தையின் தோளைத் தொட்டதும் யாரோ உதைத்த மாதிரி எதிர்ச் சுவரில் போய் விழுந்தாள். மறுபடி எழுந்து ஓடப் போனபோதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. “தொடாத! தொடாதம்மா! பலகை மேல ஏத்து அவள! மரத்து மேல!” அந்தச் சுவரைத் தாண்டி ஒரு வார்த்தை வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அதை யோசிக்கிற நேரமா அது? துணி வெட்டுகிற பெரிய மர மேஜையைக் காட்டி, “ஏறுடி, ஏறு, ஏறு” என்று அலறினாள். பொடிசு ஏறினாள். வீட்டுக்குள் போடக்கூடாது என்று பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் அம்மாவிடம் திட்டு வாங்கியிருந்த ரப்பர் செருப்பு அவள் காலில் இருந்தது. திட்டுக்குப் பயந்து கழற்றியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும், கண்ணுகளா. அதைப் பற்றி நாம் நினைக்க வேண்டாம்.

கண்ணாடியோடு வெளியே வந்த ரேடியோக்காரர், “யாரு கத்தினது?” என்றார்.

“உங்க அண்ணன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மகளைப் பார்க்கவே இல்லை, பார்க்கப் பயம்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்பா கட்டிய நீளமான வீடு, இரண்டு பிள்ளைகள். மூத்தவர் மின்சார இலாகாவில் முப்பது வருஷம் கம்பம் ஏறி இறங்கிய லைன்மேன். இளையவர் கடைக்காரர்களின் எடைக்கற்கள் சரிதானா என்று சோதித்து முத்திரை குத்துகிற அலுவலகத்தில் வேலை, சாயங்காலமானால் தூரத்து ஆட்களோடு பேசுகிற ரேடியோ. சண்டை ஓர் ஏணியில் ஆரம்பித்தது. இரவல் போன ஏணி ஒரு படி குறைந்து திரும்பியது என்று ஒருவர் சொன்னார், போகும்போதே அந்தப் படி இல்லை என்று இன்னொருவர் சொன்னார். அடுத்த மாதமே கொத்தனார் வந்து வீட்டின் நடுவில் சுவர் எழுப்பினார். நடு ஜன்னலை யாருக்குக் கொடுப்பது என்று தீராததால் சுவர் அதன் மத்தியில் ஏறியது; இன்றுவரை ஆளுக்கு அரை ஜன்னல். பத்திரத்தில் கிணறு, வாதுமை மரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் எழுதிப் பிரித்தார்கள். கொல்லையில் இருந்த எர்த் குழி மூத்தவருக்குப் போயிற்று. எர்த் குழி என்பது வேறொன்றுமில்லை; வீட்டுக்குள் வழி தவறிய மின்சாரம் யாரையும் தொடாமல் பூமிக்குப் போய்ச் சேர, உப்பும் கரியும் கொட்டி இரும்புப் பைப் இறக்கிய குழி. ஆனால் அந்தக் குழியிலிருந்து வீடு முழுக்கப் போன கம்பி மண்ணுக்கடியில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாததால் அது பத்திரத்தில் வரவில்லை. அதனால் தம்பி வீட்டு ஃபேனும் விளக்கும் அண்ணன் வீட்டு எர்த்தையே நம்பிக்கொண்டிருந்தன, யாருக்கும் ஞாபகம் இல்லாமல்.

மூன்று வருஷம் கழித்து ரேடியோக்காரர் அறுபதடி டவரை எழுப்பினார். மூன்று கால், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி, உச்சியில் மீன்முள் மாதிரி ஒரு ஏரியல். அதற்கப்புறம் அவர் பேசாத நாடில்லை. பனிக்கட்டிக்கு நடுவில் இருக்கிற ஒருவர், கப்பலில் சமைக்கிற ஒருவர், காது கேட்காத மனைவியோடு மலைமேல் வாழ்கிற ஒருவர் என்று தினம் மூன்று பேராவது. சாப்பிட்டாச்சா, மழை உண்டா, மூட்டுவலி தேவலையா என்று விசாரித்து, யாரிடம் என்ன பேசினார் என்பதை நேரம் போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பார். டவருக்கு எர்த் எப்படி இறக்குவது என்று அத்தனை பேரிடமும் கேட்டார். எத்தனை அடி, எத்தனை மூட்டை உப்பு, என்ன கனத்தில் பைப் என்று உலகமே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது; அதன்படி தன் பக்கத்துக் கொல்லையில் புதுக்குழி ஒன்று தோண்டினார். எர்த் குழி தோண்டுவதையும் பிழைப்பாகக் கொண்டிருந்த ஒரு மனிதர் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம், தன் அரை ஜன்னலில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆக, ஒரே வீட்டுக்கு இரண்டு எர்த். டவரும் ரேடியோவும் தம்பியின் குழியில், ஃபேனும் விளக்கும் அண்ணனின் குழியில். வந்த மின்னல் இரண்டுக்கும் நடுவில் எது தன் வீடு என்று தெரியாமல் நின்றது. நின்ற இடம் பொடிசு.

அன்றிலிருந்து அவள் தரையில் கால் வைக்கவில்லை. வெட்டு மேஜை மேல் தூக்கம், நாற்காலி மேல் சாப்பாடு. அறைக்கு அறை போக, தையல்காரி பலகைகளையும் பழப்பெட்டிகளையும் வரிசையாகப் போட்டுவைத்தாள். குழந்தை அவற்றின் மேல் வாத்து மாதிரி நடந்துபோகும். முதல் இரண்டு நாள் அதற்கு அது விளையாட்டு. மரக்கரண்டியால் ஊட்டினாள், மரச்சீப்பை விறகுக் கொம்பில் கட்டித் தலை வாரினாள். குழந்தையைத் தொடவில்லை. எட்டு வருஷத்தில் ஒரு நாளும் தொடாமல் இருந்ததில்லை. கைக்கு வேலை இல்லாமல் போனதால் விடிய விடியப் பழந்துணிகளைக் கிழித்துக் கிழித்துத் தைத்தாள். குண்டூசிப் பெட்டியைத் திறந்தால் இருநூறு குண்டூசியும் எழுந்து நின்று பொடிசு இருக்கிற திசையில் சாய்ந்தன. குழந்தை சமையலறைக்குப் போனால் சமையலறைப் பக்கம், கொல்லைக்கதவுப் பக்கம் போனால் அந்தப் பக்கம். தையல்காரி பெட்டியை மூடுவதை நிறுத்திவிட்டாள். தலையைத் திருப்பாமலே மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தது. அது ஓர் ஆறுதல்தான். ஆனால் ஒருநாள் மதியம் அத்தனை ஊசியும் நேராக மேலே பார்த்து நின்றபோது அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள்; பொடிசு மேஜை மேல்தான் இருந்தாள்.

டாக்டர் வந்தார். ரப்பர் கையுறையோடு நெஞ்சில் குழாயை வைத்தவர் சற்றுநேரம் உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, கடல் சீற்றமாக இருக்கும் என்று யாரோ அறிக்கை வாசிப்பதாகச் சொன்னார். ரத்தசோகைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துப் போனார். மின்சார அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மீட்டர் பின்பக்கமாக ஓடுவதைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இது நீங்க எங்களுக்கு கரண்ட் குடுக்கற மாதிரி ஆகுதேம்மா” என்றார் பெரியவர்.

“எடுத்துட்டுப் போங்க ஐயா. மொத்தமா எடுத்துட்டுப் போங்க. எம்பொண்ண விட்டாப் போதும்.”

“அப்படியெல்லாம் எடுக்க முடியாது. பாப்பா பேர்ல தனி இணைப்பு வேணும்னா தனியா ஒரு விண்ணப்பம் குடுக்கணும்.”

அவர் கேலி செய்யவில்லை. விதி அப்படித்தான் இருந்தது.

பயப்பட வேண்டியது இவை எதுவுமில்லை. மேகம்தான். இரண்டாம் நாள் மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, போர்வை அகலத்தில் ஒரு கருமேகம் தனியாக வந்து அந்த வீட்டுக்கு மேல் நின்றது. வேறெங்கும் வெயில். தெருவில் போகிறவர்கள் அந்த வீட்டு வாசலைக் கடக்கும் எட்டடிக்கு மட்டும் குடையை விரித்து, பிறகு மடக்கிக்கொண்டார்கள். அரைமணி நேரம் நின்றுவிட்டு மேகம் போயிற்று. மறுநாளும் அதே நேரம், கொஞ்சம் கீழே. நாலாம் நாள் டவரின் மீன்முள் அதற்குள் மறைந்தது. ஏழாம் நாள் பாதி டவர் இல்லை. ஒன்பதாம் நாள் ஓட்டின் மேல் அதன் அடிவயிறு உராய்கிற சத்தம், சாக்கை இழுக்கிற மாதிரி, வீட்டுக்குள் கேட்டது. மேகம் வந்து நிற்கிற அரைமணி நேரமும் பொடிசுக்குள்ளிருந்து ஒரு ரீங்காரம் வரும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மேஜை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். விளையாட்டெல்லாம் எப்போதோ முடிந்துபோயிருந்தது.

“அம்மா, அது யாரைத் தேடுது?”

“யாரையும் தேடல. மழைக்காலம்னா மேகம் வரும்.”

“என்னைத்தானே?”

தையல்காரி ஜன்னலைச் சாத்தினாள். விட்டுவிட்டுப் போனதை எடுத்துக்கொள்ள வருகிறது என்பது அவளுக்கும் தெரியும். தன்னுடையதை எடுக்கக் கைநீட்டும்போது அது எதன் வழியாக மண்ணுக்குப் போகும் என்பதும் தெரியும். அவள் மகள் கம்பி ஆவாள். அந்த அளவு கனத்தைத் தாங்குகிற கம்பி அல்ல எட்டு வயதுக் குழந்தை.

பத்தாம் நாள் காலை, ரேடியோக்காரர் மின்னலில் கருகிப்போன ரேடியோப் பெட்டியின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அவள் அந்த நோட்டுப் புத்தகங்களை இறக்கினாள். உலகத்தில் இத்தனை பேரிடம் பேசியவருக்கு ஒருவராவது இதற்கு வழி சொல்லியிருக்க மாட்டாரா என்று தேடினாள். டவர் எழுப்பிய வருஷத்து நோட்டில், கப்பல் சமையல்காரருக்கு நேராக, ரேடியோக்காரரின் அழகான கையெழுத்தில் இருந்தது: ‘டவரின் எர்த்தையும் வீட்டின் எர்த்தையும் ஒன்றாக இணைக்காவிட்டால் ஆபத்து என்கிறார். வீட்டின் எர்த் வேறு வீட்டில் இருக்கிறது என்றேன். சுவரில் ஓட்டை போடச் சொன்னார். பேச்சை மாற்றினேன். அங்கே வெங்காயம் மலிவாம்.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு நோட்டைப் பிரித்தபடி அவர் மடியில் வைத்தாள்.

“நாலு வருஷமாத் தெரியும் உங்களுக்கு.”

“இப்படி ஆகும்னு யாரு கண்டா?”

“அந்தக் கப்பல்காரன் கண்டான்.”

“சேக்கணும்னா அந்தப் பக்கம் போய் நிக்கணும். அவன்கிட்டப் போய்…”

“பனிக்கட்டி தேசத்துல இருக்கறவன் மூட்டுவலி தேவலையான்னு தினம் கேக்கறீங்களே, கூடப் பொறந்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வாய் வரல? நீங்க ஊர்ல எல்லாரோட எடைக்கல்லையும் சோதிக்கறீங்க. நல்லா சோதிக்கறீங்க.”

அவர் நிமிரவில்லை. மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு நோட்டில் விழுந்து ‘வெங்காயம்’ கலங்கியது. அவள் மகளிடம், “அப்பாவப் பாத்துக்கோ, இறங்கிடாத” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

தெரு வழியாகப் பன்னிரண்டு அடி. கதவைத் தட்ட அவள் கையை ஓங்கும்போதே திறந்தது. லைன்மேனின் மனைவி நின்றிருந்தாள், தலை முழுக்க நரைத்து. சுவர் எழும்பியபோது அவளுக்கு ஒரு நரைகூட இல்லை.

“வர்றதுக்குப் பத்து நாளாடி உனக்கு? கூப்பிட்டா வருவியோ மாட்டியோன்னு நானும் தினம் இந்தக் கதவுக்குப் பின்னாடியே நிக்கறேன்.”

“அக்கா” என்றபடி தையல்காரி உள்ளே நுழைந்தாள்.

லைன்மேன் கட்டிலுக்கு அடியில் குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். கனமான வட்டம் ஒன்று, செய்தித்தாளில் சுற்றியது, தூசி ஏறியது. பிரித்தார். இரண்டு விரல் அகலத்தில் செம்புப் பட்டை, சுருள் சுருளாக, முப்பதடிக்குக் குறையாது. தாளின் தேதி நாலு வருஷத்துக்கு முந்தியது.

“டவர் ஏத்தின அன்னைக்கே வாங்கிட்டேன்” என்றார் யாரையும் பார்க்காமல். “அவன் குழி தோண்டினான் பாரு, அந்த இடத்துல அடியில பூரா செங்கல் ஜல்லி. சுவர் கட்டினப்போ கொட்டின கழிவு. ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது. அதுல எர்த் எடுக்கவே எடுக்காது. எல்லாம் பாத்துட்டுத்தான் உக்காந்திருந்தேன்.”

“சொல்லியிருக்கலாமே மாமா.”

“கேக்கலையே அவன்.”

“கேட்டாத்தான் சொல்லுவீங்களா?”

அவர் பட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். கம்பத்தில் கருகிய கூட்டாளிகள் இரண்டு பேரைத் தோளில் போட்டு இறக்கியவர் அவர். பொடிசு பேசப் பழகியபோது சுவருக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக் கேட்டவர். “அன்னைக்குச் சொல்லாதது தப்பு” என்றார் கடைசியில். “தப்புன்னு சின்ன வார்த்தையில சொல்றேன். நாளைக்கு அது வீட்டுக்குள்ள வந்துடும்மா. அதுக்குள்ள ரெண்டு மண்ணையும் ஒண்ணாக்கணும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். சேத்துட்டா, போறது என் பக்கமாத்தான் போகும்.” அவர் மனைவியைப் பார்த்தார்.

“போகட்டும்” என்றாள் அவள். “நான் கட்டில் மேல காலைத் தூக்கி வெச்சுக்கறேன்.”

ஒரு மணி நேரத்தில், கொல்லை வரை போன சுவரின் அந்தப் பக்கம் உளிச்சத்தம் ஆரம்பித்தது. ஒன்றரையடி கனமுள்ள அடிச்சுவர். கொத்தனாரிடம் நின்று கெட்டிக் கலவை போட வைத்தவரே லைன்மேன்தான். ரேடியோக்காரர் அந்தச் சத்தத்தைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, சுத்தியலைத் தேடி எடுத்து, சத்தம் எங்கிருந்து வருகிறதென்று சுவரில் கையை வைத்துத் தடவிப் பார்த்து, அதே இடத்தில் இந்தப் பக்கமிருந்து அடிக்க உட்கார்ந்தார். பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் நிறுத்தினால் மற்றவர் நிறுத்துவார், ஒருவர் அடித்தால் மற்றவர் அடிப்பார். அன்று மாலை மேகம் துணி காயும் கயிற்றைத் தொட்டது. காய்ந்திருந்த துணியெல்லாம் ஒரு நொடியில் நனைந்து, கீழ்நோக்கி அல்லாமல் மேல்நோக்கிச் சொட்டியது. கொல்லையில் வேலை செய்ய முடியவில்லை. உள்ளே வந்தார்கள், அவரவர் பக்கம்.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு ஓட்டைகளும் சந்தித்தன. துளை வழியாக முதலில் வந்தது லைன்மேனின் உளிமுனை; பின்னால் செம்புப் பட்டை பாம்பு மாதிரி நெளிந்து வந்தது. ரேடியோக்காரர் இழுத்தார். அப்போதும் நேராகப் பேசவில்லை. “இன்னும் நாலடி வேணும்னு சொல்லு” என்று இந்தப் பக்கம் அவர் சொல்ல, “மடக்காம இழுக்கச் சொல்லு, மடங்கினா அந்த எடத்துல மின்னல் வெளிய தாவும்” என்று அந்தப் பக்கம் அவர் சொல்ல, ஓட்டைக்கு முன்னால் மண்டிபோட்ட தையல்காரி இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். லைன்மேன் தன் குழியில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றினார். புது உப்பு, புதுக் கரி. பிறகு ஓட்டையில் முகத்தை வைத்துக் குழந்தை செய்ய வேண்டியதைச் சொன்னார்.

“ரெண்டு பக்கமும் பைப்போட பட்டையப் பிடிக்கற கிளாம்ப்பு இறுகினதும், பட்டைக்குப் பக்கத்துல மண்ணுல இறங்கணும். குதிக்கணும். ரெண்டு காலும் சேந்து ஒண்ணா விழணும், புரியுதா? ஒரு கால் முன்ன, ஒரு கால் பின்ன வெச்சா, அந்த ரெண்டு காலுக்கு நடுவுல வழி பாக்கும். யாரும் தொடக்கூடாது.”

மேகம் ஆறு மணிக்குக் காத்திருக்கவில்லை. நாலே முக்காலுக்கு வந்தது. மேலேயிருந்து அல்ல, கொல்லையின் நாலு பக்கத்திலிருந்தும் தரையோடு தரையாக வந்து சேர்ந்தது. தையல்காரி பொடிசைப் பலகைமேல் நடக்கவைத்துக் கொல்லைப்படி வரை கொண்டுவந்திருந்தாள். டவர் போயிற்று, சுவர் போயிற்று, தன் கையே தனக்குத் தெரியவில்லை. சூடு ஏறிய இஸ்திரிப் பெட்டியின் வாசனை. தலைமுடி ஒவ்வொன்றாக எழுந்தது. அந்த இருட்டில் தெரிந்தது ஒன்றுதான்: குழந்தையின் நெஞ்சுக்குள் சுருண்டு கிடந்த வெள்ளை நூல், சட்டைக்குள்ளிருந்து, தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்பானர் இரும்பில் வழுக்குகிற சத்தம் கேட்டது. தையல்காரி அந்தப் பக்கத்துக்குக் கத்தினாள், இந்தப் பக்கத்துக்குக் கத்தினாள். அவள் குரல் வாயை விட்டு ஓரடி போனதும் பஞ்சில் விழுந்த மாதிரி செத்தது. யார் முடித்தார்கள், யார் முடிக்கவில்லை, தெரியவில்லை. ஒரு பக்கம் மட்டும் இறுகியிருக்கும்போது குதித்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ரீங்காரம் ஏறியது. பொடிசு அழ ஆரம்பித்தாள்.

அப்போது தரைமட்டத்தில், சுவரின் ஓட்டை இருந்த இடத்திலிருந்து, ஓர் ஆண்குரல் உடைந்து வந்தது. “அண்ணே! அண்ணே, உன் பக்கம் ஆச்சா?”

“ஆச்சுடா! உன்னுது?”

“நட்டு வழுக்குது! கை நடுங்குதுண்ணே!”

“நடுங்கட்டும்டா, எனக்கும்தான் நடுங்குது! அரைச் சுத்துப் பின்னாடி விட்டுட்டு மறுபடி ஏத்து! ஏத்திட்டியா?”

“ஏறிடுச்சு!”

“கையை எடு! கையை எடுத்துட்டுச் சொல்லுடா!”

“எடுத்துட்டேன்!”

“குதிக்கச் சொல்லு!”

“குதிடி” என்றாள் தையல்காரி. பொடிசு குதிக்கவில்லை. பதினோரு நாள் தரை தொடாத கால். கீழே என்ன இருக்கிறதென்றே தெரியாத இருட்டு. “மாட்டேன். நீ கையப் பிடிச்சுக்கோ. நீ பிடிச்சாத்தான்.” யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தது தையல்காரிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் பலகைமேல் ஏறி மகளின் கையைப் பிடித்தாள். இந்தத் தடவை அது அவளை உதைக்கவில்லை. உள்ளங்கை வழியாக நூல் நுழைந்து தன் எலும்புக்குள் ஓடுவதை, தையல் போடுகிற மாதிரி, ஒவ்வொரு கண்ணியாக உணர்ந்தாள். அத்தனை பயமாக வாழ்க்கையில் அவளுக்கு இருந்ததில்லை. “ரெண்டு பேரும் சேந்து” என்றாள். “ஒண்ணு. ரெண்டு.” மூன்றை யார் சொன்னார்கள் என்பது நினைவில்லை. நாலு கால்களும் ஒரே நேரத்தில் ஈரமண்ணில் விழுந்தன.

டவர் உச்சி முதல் அடி வரை ஒரு வெள்ளைக் கோடு இறங்கியது. தாயும் மகளும் தலையிலிருந்து குதிகால் வரை, காகிதத்துக்குப் பின்னால் விளக்குப் பிடித்த மாதிரி, ஒரு நொடி உள்ளே தெரிந்தார்கள். செம்புப் பட்டை ஓட்டைக்குள் பளிச்சென்று ஓடியது. அது அண்ணனின் குழியில் இறங்கும்போது தாகமாக இருந்தவன் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள். கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்திருந்த லைன்மேனின் மனைவி, அது கட்டிலுக்கு அடியில் பூனை மாதிரி ஒன்றையும் இடிக்காமல் போயிற்று என்றாள். பிறகு மழை பெய்தது, தெரு முழுக்க, எல்லார் வீட்டுக்கும்.

“அம்மா, மண்ணு சில்லுனு இருக்கு” என்றாள் பொடிசு. தையல்காரி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். எட்டு வயசுப் பெண்ணை யாராவது இடுப்பில் தூக்குவார்களா என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று முழுக்க இறக்கிவிடவும் இல்லை.

சுவர் இப்போதும் இருக்கிறது. அண்ணன் தம்பி பேச ஆரம்பித்தார்கள். பேச ஆரம்பித்துவிட்டதால் வாரத்துக்கு ஒரு சண்டையும் தவறுவதில்லை. பொடிசு வளர்ந்தாள், படித்தாள், தூரத்து நகரம் ஒன்றில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலைக்குப் போனாள். அவளைப் பொடிசு என்று கூப்பிட அங்கே ஆளில்லை. வந்தது முழுக்கப் போய்விடவில்லை, கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது வருஷத்துக்கு ஒரு தடவை வெளியேறும். மழைக்காலத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மாலை அவள் எங்கே இருந்தாலும் ஒரு மரத்தடியையோ மண்தரையையோ தேடிப்போய், வெறுங்காலோடு நிற்பாள். குதிகாலிலிருந்து மெல்லிய வெளிச்சம் ஒன்று மண்ணுக்குள் இறங்கும். முதல் வருஷம் நாலு பேர் நின்று பார்த்தார்கள். இப்போதெல்லாம் சற்று விலகி நடந்துபோகிறார்கள், அவ்வளவுதான். நாய் மட்டும் ஒருதரம் குரைக்கும். அன்று மதியத்திலிருந்தே தையல்காரிக்கு மிஷினில் கால் ஓடாது. ஆறு அடித்ததும் போனை எடுப்பாள். மறுமுனையில் மணி அடிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவள் மூச்சு விடுவதில்லை.

“நின்னியாடி?”

“நின்னாச்சும்மா.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு டீ ஆறற நேரம். பஸ் வந்துடுச்சு, வெச்சிடட்டா?”

“வை, வை. பாத்து ஏறு.”